மலையில் வாங்கித் தின்னும் செலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். குழுவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிகள், தங்கும் விடுதியில் அறை துடைப்பவர், பள்ளி எழுத்தர், ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியை ஆகியோரும் உண்டு. தவணையும் வட்டியும் பேச உட்காரும் கூட்டம் பாதி நாள் 'வெளியில் வாங்கித் தின்ற செலவு' என்ற ஒரு வரியில் வந்து நின்றுவிடுகிறது. ஒருவர் வருமானம் இன்னொருவருடையதைப் போல நான்கைந்து மடங்கு. ஆனாலும் எல்லோருக்கும் அந்த வரியைப் பற்றி ஒரு குற்ற உணர்ச்சி. கூட்டங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

'ஃபாஸ்ட் புட்' என்று எதைச் சொல்கிறீர்கள்?

தமிழ்நாட்டில் 'ஃபாஸ்ட் புட்' என்று பலகை தொங்கினால் பர்கரைத் தேடி யாரும் அங்கே போவதில்லை. பெரிய இரும்புச் சட்டி, சீறி எரியும் அடுப்பு, நறுக்கி வைத்த முட்டைக்கோஸும் கேரட்டும், ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ். நமக்கு அதுதான் ஃபாஸ்ட் புட். இருட்டும் நேரத்தில் தள்ளுவண்டி வந்து நிற்கும், ஒன்பது மணிக்குள் சட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள். கோவைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த 'காளான்' வண்டியையும் இதில் சேர்க்க வேண்டும். அதன் தட்டில் காளானைவிட முட்டைக்கோஸ்தான் அதிகம் இருக்கும். இவற்றுடன் பஜ்ஜி, போண்டா, பரோட்டா, பானிபூரி, ஷவர்மா, காட்சிமுனைகளில் மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் தடவித் தரும் சோளக்கதிர், கம்பெனிப் பெயர் போட்ட கடைகளின் பீட்சா, பொரித்த கோழி. பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டும் சேர்த்தி.

வர்க்கி என்ற பேக்கரிப் பண்டத்தை எதில் சேர்ப்பது என்று ஒரு கூட்டத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஊட்டி வர்க்கி 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். அது நம் பெருமை, மாலைத் தேநீருக்கு அதைவிடப் பொருத்தமான துணை இல்லை என்று நானும் நினைக்கிறேன். ஆனால் மைதா, சர்க்கரை, கொழுப்பு இவைதான் அதன் உடம்பு. பெருமைக்காக அதைக் கணக்கிலிருந்து விலக்க முடியாது என்று முடிவு செய்தோம்.

அரசுக் கணக்கில் இதற்கு எண் இருக்கிறதா?

இருக்கிறது. மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வீடு வீடாகச் சென்று 'வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வு' நடத்துகிறது. 2011-12-க்குப் பிறகு நீண்ட இடைவெளி விட்டு, 2022-23, 2023-24 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் நடத்தி முடிவுகளை வெளியிட்டார்கள். 2023-24 கணக்கின்படி இந்தியக் கிராமத்தில் ஒருவருக்கு மாதச் செலவு சராசரியாக 4,122 ரூபாய், நகரத்தில் 6,996 ரூபாய். தமிழ்நாடு இந்தச் சராசரிக்கு மேலே நிற்கிறது. முந்தைய ஆண்டான 2022-23-இலேயே நம் கிராமங்களில் 5,310 ரூபாயும் நகரங்களில் 7,630 ரூபாயுமாக இருந்தது.

இந்த ஆய்வில் 'பானங்கள், சிற்றுண்டிகள், பதப்படுத்திய உணவு' என்று ஒரு தலைப்பு உண்டு. 1999-2000-இல் கிராமத்து மொத்தச் செலவில் இதன் பங்கு 4.19 சதவீதம், நகரத்தில் 6.35 சதவீதம். 2023-24-இல் அவை 9.84, 11.09 ஆகிவிட்டன. உணவுச் செலவுகளில் இன்று மிகப் பெரிய இனம் இதுதான். பாலையும் காய்கறியையும் தாண்டிவிட்டது. ரூபாயாக மாற்றிப் பார்த்தால் கிராமத்தில் ஒருவருக்கு மாதம் ஏறக்குறைய 405, நகரத்தில் 775. நான்கு பேர் கொண்ட நகரக் குடும்பத்துக்கு மூவாயிரத்துக்கு மேல் வருகிறது. இந்த எண்ணைச் சொன்னபோது கூட்டத்தில் சிலருக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு அவரவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. டீக்கடைத் தேநீர், குளிர்பானம், பிஸ்கட், ஊறுகாய் எல்லாம் இந்தத் தலைப்புக்குள் அடக்கம். அதனால் 11.09 சதவீதமும் பீட்சாவுக்கும் பரோட்டாவுக்கும் போகிறது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வசதியுள்ளவர்கள் அதிகம் செலவழிக்கிறார்களா, இல்லாதவர்களா?

ரூபாயில் பார்த்தால் வசதியுள்ளவர்கள். சுமையில் பார்த்தால் இல்லாதவர்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை.

அதே 2023-24 ஆய்வு மக்களைச் செலவின்படி அடுக்கிக் காட்டுகிறது. நகரத்தில் மிகக் கீழே இருக்கும் 5 சதவீதத்தினர் மாதம் ஒருவருக்கு 2,376 ரூபாய் செலவழிக்கிறார்கள். மிக மேலே இருக்கும் 5 சதவீதத்தினர் 20,310 ரூபாய். கிராமத்தில் இதே இரண்டு முனைகளும் 1,677, 10,137. இப்போது 100 ரூபாய்க்கு ஒரு தட்டு ஃப்ரைடு ரைஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் மேல்தட்டுக்காரருக்கு அது மாதச் செலவில் அரை சதவீதம்கூட இல்லை. கீழ்த்தட்டுக்காரருக்கு 4 சதவீதத்துக்கு மேல். தட்டு ஒன்றுதான், வண்டிக்காரர் ஒருவர்தான், அள்ளிப் போட்ட அளவும் ஒன்றுதான்.

1857-இல் எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்து, வருமானம் ஏற ஏறச் செலவில் உணவின் பங்கு குறைகிறது என்று சொன்னார். நம் நாட்டிலும் நடந்தது அதுதான். 1999-2000-இல் கிராமத்துச் செலவில் 59.4 சதவீதம் உணவுக்குப் போனது, 2023-24-இல் 47.04. ஆனால் உணவுக்குள்ளேயே கடையில் வாங்கும் பகுதி மட்டும் எதிர்த்திசையில் ஏறுகிறது. கையில் கொஞ்சம் காசு புரண்டதும் முதலில் குறைவது தானியத்தின் பங்கு, கூடுவது கடைச் சாப்பாட்டின் பங்கு.

எங்கள் நோட்டில் அப்படியொரு செலவே தெரியவில்லையே, அக்கா?

தெரியாது. வேறு பெயரில் ஒளிந்திருக்கும்.

தோட்ட வேலைக்குப் போகும் உறுப்பினர் ஒருவரின் நோட்டில் வாரத்துக்கு மூன்று முறை 'பஸ் செலவு 40' என்று இருந்தது. 2024-இல் மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் நீலகிரிக்கும் வந்துவிட்டது. அவர் ஏறுவதும் அந்தச் சாதாரணப் பேருந்துதான். பிறகு ஏன் 40 ரூபாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "பஸ் ஸ்டாண்டில் வாங்குவது, அதனால் அப்படி எழுதினேன்" என்றார். நான்கு போண்டா.

ஒரு நாள் அவர் வாங்குவதை அருகில் நின்று பார்த்தேன். மாலை ஐந்தரை மணி, சாரல். இலை எடை போட்டுவிட்டு நேராக வந்திருந்தார், விரல் நுனிகளில் தேயிலைக் கறை. நான்கு போண்டாவையும் பொட்டலமாகக் கட்டி வாங்கிச் சால்வைக்குள் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு பொட்டலத்தின் ஓரத்தை மட்டும் பிரித்து, ஒரு போண்டாவைப் பாதியாகப் பிட்டுத் தின்றார். மீதிப் பாதியைத் திரும்ப உள்ளே வைத்து மடித்தார். மூன்றரை போண்டா வீட்டுக்கு. காலை ஏழு மணிக்குக் கஞ்சி குடித்தவர் அவர்.

ஓய்வு பெற்ற ஆசிரியையின் நோட்டிலும் உணவகச் செலவு என்று எதுவும் இல்லை. 'பேரன்' என்று ஒரு தலைப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அறுநூறு, எழுநூறு. செயலி வழியாக வரவழைத்த பீட்சா. அவர் அதைச் சாப்பாடாகவே நினைக்கவில்லை, பாசமாக நினைத்திருந்தார். இந்த இரண்டு நோட்டுகளையும் பார்த்த நாளிலிருந்து, யாருடைய தட்டையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அமெரிக்காவில் ஏழைகள்தான் பர்கர் தின்று வாழ்கிறார்கள் என்கிறார்களே?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 2013 முதல் 2016 வரை எடுத்த ஆய்வில், ஏதாவது ஒரு நாளை எடுத்துக்கொண்டால் பெரியவர்களில் 36.6 சதவீதம் பேர் துரித உணவு சாப்பிட்டிருந்தார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களில் அது 31.7, நடுத்தரத்தில் 36.4, உயர் வருமானத்தில் 42.0. வருமானத்தோடு சேர்ந்து ஏறுகிறது. வயதைப் பொறுத்தவரை தலைகீழ். 20 முதல் 39 வயதுவரை உள்ளவர்களில் 44.9 சதவீதம், 60-ஐத் தாண்டியவர்களில் 24.1.

அங்கே துரித உணவு என்றால் பெரும்பாலும் சங்கிலிக் கடைகள். காரை ஓட்டிப் போய், கார் ஜன்னல் வழியாகவே வாங்கிக்கொண்டு போவார்கள். நம் தள்ளுவண்டியோடு அதை ஒட்டி வைத்துப் பார்க்கக் கூடாது. இருந்தாலும் 'ஏழைக்குச் சாப்பிடத் தெரியாது' என்ற பேச்சுக்கு அங்கேயும் ஆதாரம் இல்லை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வீட்டில் சமைத்தால் மலிவுதானே? ஏன் வாங்குகிறார்கள்?

பொருளின் விலையை மட்டும் எண்ணினால் மலிவு. நேரத்தையும் எரிவாயுவையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

சமவெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இந்த மலையில் உண்டு. உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும், அதற்கு மேல் சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு போட்டால் வெந்து குழைய நெடுநேரம் பிடிக்கும். கொண்டைக்கடலை, மொச்சை என்றால் கேட்கவே வேண்டாம். குக்கர் இல்லாமல் மலையில் குடும்பம் நடத்த முடியாது. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் பனிக்கட்டி போல வரும், அதைச் சூடேற்றவே எரிவாயு கரைகிறது. 14.2 கிலோ சிலிண்டர் சமவெளியில் ஓடும் நாள்களுக்கு இங்கே ஓடாது. குளிக்க வெந்நீரும் அதிலேயே வைப்பவர்கள் வீட்டில் இன்னும் சீக்கிரம் தீரும்.

இனி நேரம். தோட்டத்தில் இலை பறித்துவிட்டு, எடை போடக் காத்திருந்து, பஸ் பிடித்து, நிறுத்தத்தில் இறங்கி மேடேறி வீடு சேர ஆறரை ஆகிறது. இருட்டியும் விடுகிறது. காட்டெருமை நிற்கும் பாதையில் நடந்து வந்தவர் அதன் பிறகு பருப்பை ஊறவைத்து அரைத்துக் குழம்பு வைப்பாரா, இரண்டு பொட்டலம் நூடுல்ஸை உடைத்துப் போடுவாரா? வீட்டில் சமையலுக்கு ஆள் வைத்திருப்பவர் பொரித்த கோழி வாங்கினால் அது ஆசைக்கு. இவர் வாங்குவது ஒரு மணி நேரத்தை. எனக்குக் கோபம் வருவது, இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் 'சோம்பேறித்தனம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும்போதுதான். அந்தச் சொல்லைச் சமைக்கும் பெண்களைப் பார்த்து மட்டுமே சொல்கிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

சம்பள நாளில் மட்டும் கூட்டம் ஏன்?

தோட்டக் கூலி மாதச் சம்பளமாகவே கைக்கு வருகிறது. சிறு விவசாயிக்கும் அப்படித்தான். பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்குப் போட்டுவிட்டு, கணக்குத் தீர்க்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். அதனால் மாதத்தின் முதல் பத்துப் பன்னிரண்டு நாள்களில் பரோட்டாக் கடையில் வரிசை நிற்கும், இருபதாம் தேதிக்கு மேல் பேக்கரியில் பன்னும் தேநீரும் மட்டும் ஓடும். அரசு ஊழியர் வீட்டில் இப்படி ஏற்ற இறக்கம் கிடையாது. அவர்களுடைய செலவு ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை சீராகப் போகிறது. மாதச் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இந்த அலை தெரியவே தெரியாது.

ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கும்போது கடைச் சாப்பாட்டுக்கு ஏன் பணம் போகிறது?

அரிசிக்குப் பணம் போகாததால்தான் வேறொன்றுக்குப் பணம் மிஞ்சுகிறது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. நாடு முழுவதும் பார்த்தாலும், கிராமத்துச் செலவில் தானியத்தின் பங்கு 1999-2000-இல் 22 சதவீதத்துக்கு மேல் இருந்தது, இப்போது 5 சதவீதத்துக்குக் கீழே. மிஞ்சிய பணம் முட்டைக்கும் இறைச்சிக்கும் பழத்துக்கும் போயிருக்கிறது, பாக்கெட்டுக்கும் போயிருக்கிறது. 'இலவசம் கொடுத்தால் இப்படித்தான்' என்று பேசுபவர்கள் முதல் மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

சுற்றுலாப் பயணிகள் தின்பதும் நம் கணக்கில் சேருமா?

சேராது. ஆய்வு எடுப்பது குடும்பத்தை வைத்து. சென்னைக் குடும்பம் ஊட்டியில் தின்றால் அது சென்னைக் கணக்கு.

ஆனால் விலையை ஏற்றுவது அவர்கள் கூட்டம்தான். ஏப்ரல், மே மாதங்களில் கடைத்தெருவில் ஒரு தட்டின் விலை ஏறினால், சீசன் முடிந்த பிறகு முழுவதுமாக இறங்குவதில்லை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்குள் வார நாள்களில் நாளுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் நாளுக்கு 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலைக்கு இந்த வரம்பு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே சமயம், காட்சிமுனையில் சோளக்கதிர் சுட்டு விற்பவரின் வீட்டு அடுப்பும் அந்த வண்டிகளை நம்பித்தான் எரிகிறது. எங்கள் குழுவிலேயே அப்படி இருவர் இருக்கிறார்கள். துரித உணவு அவர்களுக்குச் செலவுப் பக்கத்தில் இல்லை, வரவுப் பக்கத்தில் இருக்கிறது.

5 ரூபாய் பாக்கெட்தானே, அதில் என்ன இருக்கிறது?

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த 5 ரூபாய்தான். பந்தலூர், கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் போய்ப் பாருங்கள். பஸ் சரியாகப் போகாத இடத்துக்கும் இந்தச் சரம் போயிருக்கும். கம்பெனிகள் விலையை ஏற்றுவதில்லை, எடையைக் குறைக்கின்றன. 5 ரூபாய் என்ற எண் அப்படியே நிற்பதால் ஏமாற்றம் தெரிவதில்லை. பெரிய பாக்கெட் வாங்குபவருக்குச் சில நேரம் கிராமுக்குக் குறைந்த விலை விழும். ஒரே நேரத்தில் அவ்வளவு பணம் கையில் இல்லாதவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. நகரத்துக் குடும்பம் மாதச் சாமானோடு வாங்கும் சிப்ஸைவிட, பணியர் பழங்குடிக் குடியிருப்புக் குழந்தை வாங்கும் சிப்ஸ் விலை கூடியதாகிவிடுவதும் உண்டு.

இதற்கு நேர் எதிரே, அதே வீட்டின் பின்புறத்தில் கீரையும் கிழங்கும் முளைத்துக் கிடக்கும். சாமை, ராகி, அவரை என்று இந்த மலையின் பழைய சாப்பாடு ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களிலும் பழங்குடி வீடுகளிலும் முழுவதுமாக மறைந்துவிடவில்லை. பாட்டி உயிரோடு இருக்கும் வீடுகளில் இருக்கிறது.

வரியைக் கூட்டினால் குறையாதா?

பக்கத்து மாநிலமான கேரளா முயன்று பார்த்தது. 2016-இல் பெயர் பெற்ற உணவகங்களில் விற்கும் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 சதவீதம் 'கொழுப்பு வரி' போட்டார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அது அதற்குள் கரைந்துவிட்டது. இப்போது சாதாரண உணவகத்தில் 5 சதவீதம் ஜிஎஸ்டி. தள்ளுவண்டிக்காரர் பதிவு வரம்புக்குக் கீழே இருப்பதால் அவரிடம் வரி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல், 12, 18 சதவீதத்தில் இருந்த நூடுல்ஸ், மிக்சர், பிஸ்கட் வகைகளும் 5 சதவீதத்துக்கு இறங்கின. குளிர்பானங்கள் 40 சதவீதத்தில் இருக்கின்றன.

வரி ஒரு கருவிதான். ஆனால் பாக்கெட்டை மலிவாக்கிவிட்டுப் பழத்தின் விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குளிர்பானத்துக்கு மட்டும் தனிக் கூண்டு வைத்திருப்பதில் ஒரு நியாயம் தெரிகிறது.

சர்க்கரை நோய் பணக்கார வியாதி இல்லையா?

இல்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோயும், 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாகச் சொல்கிறது. அதே ஆய்வுத் தொடரின் முந்தைய முடிவுகளில், வருமானம் கூடிய சில மாநிலங்களின் நகரங்களில் வசதி குறைந்தவர்களிடம் நோய் அதிகம் இருந்தது. நோய் கீழே இறங்கி வருகிறது. மருந்துச் செலவைத் தாங்க முடியாதவர் வீட்டுக்கு வருகிறது.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பாக்கெட்டின் பின்புறத்தில் உப்பு என்று போட்டிருக்காது, சோடியம் என்று போட்டிருக்கும். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்குங்கள். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. கூட்டத்தில் இதை ஒரு முறை செய்து காட்டினேன். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய் எல்லாப் பாக்கெட்டையும் கவிழ்த்துப் பார்த்தார்களாம்.

எண்ணெயும் கவனிக்க வேண்டியது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உருவாகும் கேடான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் விதி. கருவி இல்லாமல் அளக்க முடியாது. ஆனால் கறுத்து, நுரைத்து, சட்டியை நெருங்கும்போதே கண் எரிந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. பஞ்சு மிட்டாயில் ரோடமைன்-பி என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் அதற்கும் தடை வந்தது.

நம் ஊர் உருளைக்கிழங்குதானே கடைகளில் விரல் வறுவலாக வருகிறது?

பெரும்பாலும் இல்லை. பெரிய கடைகளின் உறைந்த வறுவலுக்கு, நீர்ச்சத்தும் சர்க்கரையும் குறைந்த தனி ரகங்கள் வேண்டும். அந்தத் தொழில் குஜராத்தில்தான் பெருகியிருக்கிறது. நம் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வீட்டுச் சமையலுக்குப் போகிறது. 1961-இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட, கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் தங்க நிற நூற்புழு இன்னமும் விவசாயியை விடவில்லை. ஆக, வறுவல் விற்பனை ஏறினால் கேத்தி விவசாயிக்குப் பத்துப் பைசா கூடுவதில்லை. தள்ளுவண்டியின் முட்டைக்கோஸும் கேரட்டும் இங்கே விளைவதாவது ஒரு ஆறுதல்.

வீட்டுச் செலவை எப்படிக் கணக்கெடுப்பது?

ஒரு மாதம் மட்டும் எழுதுங்கள், போதும். தலைப்பு எதுவும் வைக்க வேண்டாம். என்ன வாங்கினீர்கள், யார் தின்றது, மணி என்ன என்று மூன்றை மட்டும் எழுதுங்கள். எங்கள் குழுவில் 'மணி' என்ற கட்டம்தான் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தது. செலவில் பெரும்பங்கு மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் விழுந்திருந்தது. பசியோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம். இது தெரிந்த பிறகு சிலர் வறுத்த கடலையைச் சின்ன டப்பாவில் கொண்டு போகத் தொடங்கினார்கள். சிலர் போண்டாவை விடவில்லை. அவர்களை நான் வற்புறுத்தவும் இல்லை.

கைபேசியில் பணம் செலுத்துபவர்கள் மாதக் கடைசியில் பட்டியலைத் திறந்து பார்க்கலாம். இருபது, முப்பது ரூபாய்ச் செலவுகள் நினைவில் நிற்பதில்லை, பட்டியலில் நிற்கும்.

பள்ளி வாசலில் விற்பதைத் தடுக்க முடியாதா?

விதி இருக்கிறது. பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி கொண்டுவந்தது. ஆனால் மலைச்சரிவில் 50 மீட்டர் என்பது இரண்டு வளைவு.

விதியைவிடப் பெரிய வேலையைச் செய்தது காலை உணவு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சூடாகக் கிடைக்கின்றன. அம்மா விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய்விடும் வீட்டுப் பிள்ளை, முன்பெல்லாம் 5 ரூபாய் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே பள்ளிக்கு வரும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது தட்டோடு உட்காருகிறது. ஐந்தாம் வகுப்போடு அது நின்றுவிடுவதுதான் குறை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மட்டும் காலையில் பசிக்காதா?

அக்கா, நாங்களே ஒரு வண்டி போட்டால் என்ன?

போடலாம். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு வழியாகச் சான்று வாங்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் வேண்டும், சிறிய கடைக்கு அது எளிது. நீலகிரியில் பிளாஸ்டிக் தட்டு, கவர் எதுவும் கூடாது. மந்தார இலையோ பாக்குமட்டைத் தட்டோ வாங்கும் செலவை முதலிலேயே விலையில் சேர்த்துவிடுங்கள், பிறகு சேர்க்க முடியாது.

எங்கள் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழாவில் மேசை போட்டுப் பார்த்தார்கள். முதல் நாள் இரவே கொண்டைக்கடலையை ஊறவைத்து, காலையில் குக்கரில் ஆறு விசில் விட்டுச் சுண்டல். கூடவே ராகிப் புட்டும் சுக்குக் காப்பியும். சுண்டல் ஏழரை மணிக்குள் தீர்ந்துவிட்டது. சுக்குக் காப்பிக்கு இரண்டாவது முறை தண்ணீர் வைக்க வேண்டியிருந்தது. ராகிப் புட்டு பாதி மீந்தது. இளைஞர்கள் அதைத் தொடவே இல்லை, வாங்கியவர்கள் எல்லோரும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். அடுத்த மேசைக்கு ராகியைப் புட்டாக அவிக்காமல், வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்டு அடையாகத் தட்டிச் சூடாகக் கொடுத்துப் பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறார்கள். தோசைக்கல் யார் வீட்டிலிருந்து வரும் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.